கடைசி வரியை இரண்டு முறை படித்தவன்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அதே அலுவலகத்தில் இப்போது அதிகாரியாக இருக்கிறாள், பெயர் நித்யா. "சார், இன்டர்நெட்ல எழுதறதுல எதை விடணும், எதை மூடணும்னு இப்ப ஊரே சண்டை போட்டுக்கினு இருக்குது. எங்க புது ஆளுங்களுக்கு நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசணும்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரவாயில்லையே, நம்மையும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வாக்கியத்தில் கெடுத்தாள்.

"எஸ்தர் மேடம்தான் சார் உங்க நம்பர் குடுத்தாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும், எதற்கு மூடி மறைக்க வேண்டும்? எதனால் எரிகிறது என்பதையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னக் காஞ்சிபுரத்துக்காரன். படித்தது கணக்கு, பிறகு கம்ப்யூட்டர். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்து, ஹைதராபாத்திலும் டில்லியிலும் பயிற்சி கொடுத்தார்கள். வைரஸ் எப்படிப் பரவும், அரசாங்கத்தின் இணையப் பக்கத்தை எப்படி உடைப்பார்கள், உடைத்தால் எப்படிச் சரிசெய்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதன் மனிதனை இணையத்தில் திட்டினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாவட்டத் தலைநகர் ஒன்றில் சின்னதாக ஒரு கிளை வைத்துப் பார்க்கலாமே என்று டில்லியில் யாருக்கோ தோன்றியது. அதனால் என் சொந்த ஊரிலேயே, ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மாடியில், இரண்டு அறைகளில் எனக்கு மேசை கிடைத்தது. அங்கே நான், எஸ்தர், டீயும் தபாலும் பார்த்துக்கொள்ள ஏகாம்பரம், எல்லோருக்கும் மேலே அன்வர் சார். அவ்வளவுதான் கிளை.

எஸ்தர் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம். வயதில் எனக்குச் சின்னவள். என்னை "ரங்கா சார்" என்பாள். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் பெருகி, ஆளாளுக்கு இணையத்தில் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். எழுதியவர்கள் பாதி, படித்துவிட்டுக் கொதித்தவர்கள் பாதி. கொதித்தவர்கள் போலீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போவார்கள். அங்கே யாருக்கும் ஒன்றும் புரியாமல் எங்களிடம் தள்ளிவிடுவார்கள். ஒரு பக்கத்தை மூடும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. மூடலாம், மூட வேண்டாம் என்று கருத்து எழுதி டில்லிக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை. ஆனால் அன்வர் சார் எழுதிய கருத்தை டில்லியில் மாற்றி நான் பார்த்ததில்லை.

அன்வர் சார் ஆற்காட்டுக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா. புகார் எதுவானாலும் அவர் திரையில் படிக்க மாட்டார். அந்தப் பக்கம் முழுவதையும் காகிதத்தில் அச்சடிக்க வேண்டும். எழுத்துரு சரியில்லாமல் கட்டம் கட்டமாக வந்தால் சரிசெய்து மறுபடி அச்சடிக்க வேண்டும். பிறகு புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பார். எங்களில் ஒருவர் நின்றுகொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கெட்ட வார்த்தை இருந்தால் அதையும். படிப்பவர் தலையைத் தூக்கி யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. டீ வந்தால் ஆறட்டும், யாரும் தொடக் கூடாது. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். படித்து முடித்ததும் கண்ணைத் திறந்து, காகிதத்தைப் புகார்தாரர் பக்கம் திருப்பி, ஒரே கேள்வி கேட்பார்: "எந்த வரிங்க?"

விரலை வைத்துக் காட்ட வேண்டும். பாதிப் பேர் அங்கேயே கவிழ்ந்துவிடுவார்கள். "மொத்தமா பாத்தா ஒரு மாதிரி இருக்குதுங்க" என்பார்கள். "மொத்தத்துல விரல் வெக்க முடியாதுங்களே" என்பார் சார். "ஏன் சார் இவ்வளவு சுத்தி வளைக்கணும், நாமளே படிச்சுப் பாத்து முடிவு பண்ணலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணு அவசரப்படும்பா. காதால அவசரப்பட முடியாது" என்றார்.

ஆரம்பத்தில் படித்தவன் நான்தான். பின்னே யார் படிப்பார்கள்? அரை டிக்கெட் வயதிலிருந்து கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவித்தவன். எங்கள் தெருவில் என் குரலுக்கென்று ஒரு மரியாதை உண்டு. நான் படித்தால் மாடிப்படியில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அன்வர் சார் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. மனசுக்குப் பிடித்துவிட்டால் மேசையை ஒரு தட்டு தட்டி "சபாஷ்" என்பார். அந்த ஒரு சபாஷ் என்றாவது எனக்கு வரும் என்று நின்று நின்று படித்தேன்.

பிறகு ஒருநாள் ஏனாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து எழுதும் ஒரு பக்கத்தில் அவர் நடப்பதையும் கரும்பலகையை அழிப்பதையும் கிண்டல் செய்திருந்தார்கள். நான் உயிரைக் கொடுத்துப் படித்தேன். படித்து முடித்தபோது அந்த மனிதர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் பச்சைப் பேனாவைத் திறந்தார், எழுதாமல் மூடி வைத்தார். "எஸ்தர், நீ ஒருவாட்டி படிம்மா."

அவள் படித்தாள். அதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஆனால் பாதியில், கரும்பலகை அழிக்கும் இடத்தில், அழுத அதே விரிவுரையாளர் களுக்கென்று சிரித்துவிட்டார். "பசங்க சரியாத்தான் சார் பாத்துக்கினு இருந்திருக்கானுங்க" என்று புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மேசை மேல் ஒரு தட்டு விழுந்தது. "சபாஷ் எஸ்தர்!"

அன்றிலிருந்து அவள் படித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அட ராமா, அந்த நாட்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் தொண்டையைச் செருமக்கூட மாட்டாள், தண்ணீர் குடிக்க மாட்டாள். கையில் காகிதத்தை எடுத்தால் அப்படியே தொடங்கிவிடுவாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். "எங்க சர்ச்சுல ஞாயித்துக்கெழம அறிவிப்பு படிப்பேன் சார். கல்யாண அறிவிப்பும் இருக்கும், சாவு அறிவிப்பும் இருக்கும், ஒரே பேப்பர்ல. ஒரே மாதிரிதான் படிக்கணும்னு சொல்லிருக்காங்க." இவ்வளவுதானா! நான் வருஷக்கணக்காகத் தொண்டையைத் தீட்டியதெல்லாம் இந்த அறிவிப்புக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஏகாம்பரம் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுவான். "எஸ்தர்ம்மா படிச்சா எனக்கே புரியுது சார். நீங்க படிச்சா அழுவ வருது, ஆனா இன்னா மேட்டருன்னு புரியல" என்பான். அவன் கொண்டுவந்த டீயை அன்று நான் தொடவில்லை.

இந்த நேரத்தில்தான் டில்லியிலிருந்து கேட்டார்கள்: இப்படி எழுத்தைப் பற்றி வரும் புகார்களைப் பார்க்க அங்கே தனியாக ஒரு பிரிவு தொடங்குகிறோம், உங்கள் கிளையிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். பதவி உயர்வோடு. அன்வர் சார் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்து பெருசா ஒரு கேஸ் வரட்டும். பாத்துட்டு ஒருத்தர் பேர எழுதறேன்." அன்று வீட்டுக்குப் போய், டில்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று மனைவியிடம் பேசினேன். எனக்கு அந்த இடம் வேண்டும். அவளுக்குக் கிடைக்கக் கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால் இப்போதும் பதில் சொல்லத் தெரியவில்லை.

பெரிய கேஸ் வந்தது. பட்டுக்கடை முதலாளி தனபால், கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு போன் முன்னால் வர, பின்னால் தானும் வந்தார். "ஊடை" என்று, தறியில் குறுக்கே ஓடும் நூலின் பெயரைப் புனைபெயராக வைத்து யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி ஊரில் விற்கிறார்கள், வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள் என்று விவரமான ஒரு பக்கம். கடையின் பெயர் இல்லை. "வாசலில் மயில் பொம்மை வைத்த கடை" என்று மட்டும் இருந்தது.

"ஊர்ல மயில் பொம்மை வெச்சது என் கடை ஒண்ணுதாங்க" என்றார் தனபால். "பேர் போட்டு எழுதட்டும், நான் கோர்ட்டுல பாத்துக்கறேன். முகத்த மூடிக்கினு கல்லெறியறது என்னா நியாயம்? பக்கத்த மூடுங்க. எழுதனது யாருன்னும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எனக்கு நெய்யற குடும்பத்துல யாரோ ஒருத்தர்தான். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

தெரிந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தால்தான் வீட்டில் தறி ஓடும். பாவு நூல் வருவது நின்றால் அந்தக் குடும்பத்தின் அடுப்பும் நிற்கும்.

என் கட்சி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் போடாமல் எழுதுகிறவனுக்கு என்ன சலுகை என்பதுதான் அன்று என் எண்ணம். எஸ்தர் நேரெதிர். "பேர் போட்டா அவங்களால எழுதவே முடியாது சார்" என்றாள். ஆனால் வேலை என்று வந்தால் நான் வேலைக்காரன். அந்தக் காலத்தில் இணைய நிறுவனங்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் தனியாக மூடத் தெரியாது. முகவரியோடு சேர்த்து மொத்தமாக மூடிவிடுவார்கள். அதே முகவரியில் சமையல் குறிப்பு எழுதுகிறவள், கிரிக்கெட் எழுதுகிறவன், எல்லார் வாயும் சேர்த்து அடைபடும். இதை ஆராய்ந்து குறிப்பில் எழுதியவன் நான். நான். அன்வர் சார், "மூடினா வேற என்ன ஆகும்?" என்று கேட்டபோது, என் குறிப்பைப் படித்திருந்த எஸ்தர் நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். "ரங்கா சார் எழுதிருக்காரு சார்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதைச் சார் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு வெந்தது.

சரி, படி என்றார் சார். எஸ்தர் நின்று படித்தாள். விசைத்தறிப் புடவையில் கரை எப்படிச் சேர்ந்திருக்கும், கைத்தறியில் எப்படி இருக்கும், எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசி வரி இது: "கையால் நெய்தது என்று சொன்னால், நெய்த கையைக் காட்டச் சொல்லுங்கள்." அதையும் அவள் சர்ச் அறிவிப்பு மாதிரியே படித்துவிட்டுக் காகிதத்தை வைத்தாள். கேட்பதற்குப் புடவை வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் யோசனை மாதிரி இருந்தது.

தனபால் எகிறிவிட்டார். "இன்னாம்மா இது, ரேஷன் கடைல பேர் கூப்புடற மாதிரி படிக்கிற? இதுல எழுதிருக்கறது இப்படியா இருக்குது? நான் படிக்கும்போது ரத்தம் கொதிச்சுதுங்க சார்!" அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினார். "சாமி படிக்கட்டும். உற்சவத்துல இவர் சேவிக்கறத நான் கேட்டிருக்கேன். இவர் படிச்சா உள்ளது வெளிய வரும்."

என் காதில் தேன் பாய்ந்தது. அன்வர் சார் கொஞ்சம் தயங்கினார். எஸ்தர்தான் காகிதத்தை என்னிடம் நீட்டினாள். சார் கண்ணை மூடிக்கொண்டு, "படிப்பா" என்றார்.

படித்தேன். அதைப்போல் நான் அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை. மயில் பொம்மையில் ஒரு நக்கல், ஜரிகையில் ஒரு கசப்பு, கரை சேரும் இடத்தில் ஒரு கேள்வி. வாசலில் ஏகாம்பரம் தட்டோடு நின்றுவிட்டான். தனபாலின் மூச்சு எனக்குக் கேட்டது. டில்லி என் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசி வரிக்கு வந்தேன். "கையால் நெய்தது என்று சொன்னால், நெய்த கையைக் காட்டச் சொல்லுங்கள்!" குரல் உச்சத்தில் நின்றது. நின்ற வேகத்தில் மறுபடியும், இன்னும் நிறுத்தி, "நெய்த கையைக் காட்டச் சொல்லுங்கள்!"

கோஷ்டியில் கடைசிப் பாட்டை இரண்டு முறை சேவிப்பது எங்கள் வழக்கம். சின்ன வயதிலிருந்து நாக்கில் ஊறிப்போனது. முடிவு என்று தெரிந்தால் நாக்கு தானாகத் திரும்பிவரும். நான் திரும்பி வந்ததே எனக்குத் தெரியாது.

அன்வர் சார் கண்ணைத் திறந்தார். "கடைசி வரி பேப்பர்ல எத்தினிவாட்டி இருக்குதுப்பா?"

நான் பார்த்தேன். "ஒருவாட்டி சார்."

"அப்ப ரெண்டாவது எழுதனது யாரு?"

ஏகாம்பரம் பக்கென்று சிரித்தான். எனக்குக் காது மடல் வரை சுட்டது. எஸ்தர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளைத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சார் காகிதத்தைத் தனபால் பக்கம் திருப்பினார். "எந்த வரிங்க?" தனபால் கடைசி வரியில் விரலை வைத்தார். "இதத்தான் ரெண்டு பேரும் படிச்சாங்க. உங்களுக்கு எப்ப வலிச்சுது?"

தனபாலை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன், பொய்யன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் அவர் பொய் சொல்லவில்லை. விரலை எடுக்காமல் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாமி ரெண்டாவதுவாட்டி சொன்னாரே, அப்பதாங்க சுருக்குனுச்சு."

"அது பேப்பர்ல இல்லீங்களே" என்றார் சார்.

பச்சைப் பேனாவில் எழுதினார். மூட வேண்டாம். எழுதியவரைத் தேட வேண்டாம். அதில் பொய் இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. பதில் இருந்தால் அதே பக்கத்தின் கீழே இடம் இருக்கிறது. அதற்குள் டீ ஆறிப்போயிருந்தது. தனபால் அந்த ஆறிய டீயையே எடுத்துக் குடித்துவிட்டு எழுந்து போனார். சில நாள் கழித்து அந்தப் பக்கத்தின் கீழே ஒரு பதில் வந்திருந்தது: மயில் பொம்மைக் கடைக்காரன் எழுதுகிறேன், என் தறிக்கு வந்து பாருங்கள், கையைக் காட்டுகிறேன் என்று. யாராவது போய்ப் பார்த்தார்களா தெரியாது. ஊடை யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்தடுத்து அந்தப் பக்கத்தில் எழுத்து வந்துகொண்டுதான் இருந்தது.

டில்லிக்கு எஸ்தர் பெயர் போயிற்று. நான் அன்வர் சாரிடம் நேராகவே கேட்டேன்: "என் வாசிப்புல என்ன குறை சார்?" பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். "குறை ஒண்ணும் இல்லப்பா. நீ படிச்சா நீ கேக்குது. அவ படிச்சா எழுதனவங்க கேக்குது." மேசையைத் தட்டவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போகும் வரை எனக்காக அந்த மேசை தட்டப்படவில்லை.

எஸ்தர் கிளம்பிய அன்று பஸ் நிலையம் வரை போனேன். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றுதான் போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "ரங்கா சார், அன்னிக்கு நீங்க படிக்கலன்னா நான் படிச்சது யாருக்கும் கேட்டிருக்காது சார்." ஆறுதல் சொல்கிறாளாம் எனக்கு! ஜெயித்தவள் சொல்லும் ஆறுதல் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கும். போய்ட்டு வாம்மா என்று சொல்லிவிட்டு, பஸ் நகர்வதற்குள் திரும்பி நடந்தேன். அவள் டில்லியில் படிப்படியாக மேலே போனாள். நான் இங்கேயே, அதே மாடியில் ஓய்வு பெற்றேன். அவளுடைய ஒவ்வொரு பதவி உயர்வும் ஏகாம்பரம் மூலம் எனக்கு வந்து சேர்ந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை.

இதுதான் கதை. நேற்று நித்யா மறுபடி போன் செய்தாள். "யோசிச்சீங்களா சார்?"

"எதப் பத்திம்மா பேசணும்?" என்றேன் வேண்டாவெறுப்பாக.

"ரங்கா வாசிப்பு பத்திதான் சார்."

எனக்குப் புரியவில்லை. என்ன வாசிப்பு என்றேன். அவளுக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா சார்? எழுத்தைப் பத்தி எந்தப் புகார் வந்தாலும் டில்லில ரெண்டுவாட்டி படிப்பாங்க, இப்ப நாங்களும் அப்படித்தான் சார். முதல்ல சும்மா, அறிவிப்பு மாதிரி. அப்புறம் இன்னொருத்தர் முழு உணர்ச்சியோட படிக்கணும். ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசமோ அது கேக்கற நம்மளோடது, மிச்சம்தான் எழுதினவங்களோடது. ரெண்டாவதுக்குப் பேரு ரங்கா வாசிப்பு. நான் சேர்ந்ததுலருந்து அப்படித்தான் சார் சொல்றாங்க."

என் பெயர் என்னைக் கேட்காமல் டில்லி போய் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறது! மெதுவாகக் கேட்டேன், உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன்: "அந்தப் பேர் அன்வர் சார் வெச்சதா?"

"இல்ல சார். எஸ்தர் மேடம் வெச்சது."

கேட்டீர்களா? அந்தப் பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொண்டாள். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"மேடமும் வர்றாங்க சார். அந்தப் பழைய பட்டுப்புடவைப் பக்கத்தையே எடுத்து வெச்சிருக்காங்க. முதல் வாசிப்பு அவங்க, ரெண்டாவது நீங்க. கடைசி வரிய ரெண்டுவாட்டி படிக்கணும்னு ஸ்பெஷலா சொல்லச் சொன்னாங்க."

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "பனங்கற்கண்டு இருக்கா பாரு."

"என்னத்துக்கு? தொண்டை கட்டிண்டிருக்கா?" என்றாள் மனைவி.

"இல்ல. எஸ்தரும் படிக்கறா."